வலியைத் திருப்பித் தர முயன்ற டாக்டர்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கபடி பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? அப்படின்னா அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரெய்டு போனவர் பாதத்தை மண்ணில் ஊன்றிச் சட்டென்று திரும்புவார். பாதம் நின்ற இடத்திலேயே நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். முழங்காலுக்குள் டப் என்று ஒரு சத்தம். சாயங்காலத்துக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிடும். ஊரில் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: ஜவ்வு கிழிஞ்சிருச்சு.

அடுத்து வரும் கேள்வியும் அநேகமாக ஒன்றேதான். ஆபரேஷன் இல்லாம ஏதோ ஊசி இருக்காமே, அதைப் போட்டா சரியாயிடுமாமே?

அந்த ஊசி எது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒன்று, ஸ்டீராய்டு. இது வீக்கத்தையும் வலியையும் அடக்கும். இரண்டாவது, புரோலோதெரபி. 1950களில் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் ஹாக்கெட் வைத்த பெயர் இது. இப்போது பெரும்பாலும் அடர்த்தியான குளுக்கோஸ் கரைசலைத்தான் ஜவ்வு எலும்போடு சேரும் இடத்தில் செலுத்துகிறார்கள். அது அங்கே வேண்டுமென்றே ஒரு சின்ன எரிச்சலை உண்டாக்கும். அதைக் கண்டு உடம்பு பழுதுபார்க்க ஆரம்பிக்கும் என்பது கணக்கு. மூன்றாவது, பி.ஆர்.பி. உங்கள் ரத்தத்தையே எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, பிளேட்லெட் நிறைந்த பகுதியைப் பிரித்து, திரும்ப உங்கள் மூட்டிலேயே போடுவது. காயம் ஆறத் தூண்டும் பொருட்கள் பிளேட்லெட்டுக்குள் இருக்கின்றன.

கவனித்தீர்களா? முதல் ஊசி வலியை அடக்குகிறது. மற்ற இரண்டும் உடம்பின் பழுதுபார்க்கும் வேலையைத் தூண்டப் பார்க்கின்றன. மூன்றையும் ஊர்ப் பேச்சில் ஒரே பெயரில், ஊசி என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் குழப்பம் தெளிய உங்களை ஒருவரிடம் கூட்டிப்போகிறேன். அவர் முழங்கால் டாக்டர் இல்லை. நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டவர். ஆனால் வலிக்கும் குணமாவதற்கும் என்ன சம்பந்தம் என்பதை அவரைப் போல ஆராய்ந்தவர்கள் குறைவு. அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே. அவர் பெயர் டாக்டர் பால் பிராண்ட்.

கொல்லிமலைப் பையன்

பால் பிராண்ட் பிறந்தது 1914 ஜூலை 17, கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். மலையில் ரோடு கிடையாது, மலேரியா மட்டும் நிறைய உண்டு. அப்பா வீடு கட்டுவார், தச்சு வேலை செய்வார், கொஞ்சம் மருத்துவமும் பார்ப்பார். பையன் மலைவாழ் பிள்ளைகளோடு சேர்ந்து மரம் ஏறித் திரிந்தான். அப்பா புண்களைக் கழுவுவதையும் சீழ் எடுப்பதையும் பார்த்த அவனுக்கு மருத்துவத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

ஒன்பது வயதில், 1923-ல், படிப்புக்காகத் தங்கையோடு இங்கிலாந்தில் விடப்பட்டான். அதன் பிறகு அப்பாவை அவன் பார்க்கவே இல்லை. 1929-ல் மலேரியாவால் வந்த கடும் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார். தந்தி முதலில் வந்துவிட்டது. அவர் சாவதற்கு முன் எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.

பள்ளி முடித்ததும் பால் போனது கட்டுமான வேலைக்கு. கொத்து வேலை, தச்சு வேலை எல்லாவற்றையும் சில வருஷம் கற்றுக்கொண்டார். கல்லையும் மரத்தையும் கையால் தொட்டுப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. நம்மைப் போன்ற இன்ஜினியரிங் பசங்களுக்கு இந்த இடம் முக்கியம். பிற்காலத்தில் அவர் கண்டுபிடித்த எல்லாமே ஒரு மேஸ்திரியின் கண்ணோடு உடம்பைப் பார்த்ததால் வந்தவைதான்.

மிஷன் வேலைக்காக ஒரு சின்ன மருத்துவப் பயிற்சிக்குப் போனபோது, ரத்தம் இழந்து செத்தவர் போலக் கிடந்த ஒருவர், ரத்தம் ஏற்றியதும் கண் திறந்ததை நேரில் பார்த்தார். பழைய வெறுப்பு அன்றோடு போயிற்று. 1937-ல் லண்டனில் மருத்துவம் சேர்ந்தார். உடன் படித்த மார்கரெட்டை 1943-ல் மணந்தார். போர்க்காலம் அது. குண்டு விழுந்த லண்டனில் நசுங்கிய கைகளையும் கால்களையும் தைத்துத் தைத்தே அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1946 கடைசியில் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம், தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துப்போனார். அங்கே பார்த்த கைகள் அவரை நிறுத்திவிட்டன. விரல்கள் உள்பக்கமாக மடங்கி, கழுகின் நகம் போல இறுகியிருந்தன. சிலருக்கு விரல்களே இல்லை. இதற்கு எலும்பு மருத்துவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். யாரும் ஒன்றும் செய்ததில்லை.

ஒரு நோயாளியிடம், மடங்கிய அந்தக் கையால் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். வலுவே இருக்காது என்று நினைத்தார். அவர் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி தாங்கவில்லை. அந்த வலியில்தான் அவருக்குப் பொறி தட்டியது. இந்தக் கை செத்த கை இல்லை. சில தசைகள் மட்டும் செயலிழந்திருக்கின்றன, மற்றவை முழு வலுவோடு இருக்கின்றன!

பிறகு வேலூர்க் குழு வாராவாரம் நோயாளிகளின் ஒவ்வொரு தசையையும் சோதித்துக் குறித்துவைத்தது. செயலிழக்கும் தசைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் இருந்தன. முன்கையில் இருக்கும் வலுவான தசைகள் தப்பியிருந்தன. அப்படியானால் நல்ல தசை ஒன்றின் டெண்டனை எடுத்து, செயலிழந்த தசை செய்துவந்த வேலைக்கு மாற்றிக் கட்டிவிடலாமே? ஒரு இயந்திரத்தில் ஒரு கப்பிக்குப் போகும் கயிற்றை எடுத்து இன்னொரு கப்பிக்கு மாட்டுவது போல. 1948-ல் முதல் ஆபரேஷன் நடந்தது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் ஒரு சிக்கல். கை சரியானவர்களுக்குப் பிச்சையும் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. ஆபரேஷன் செய்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று பிராண்ட் ஒதுங்கிக்கொள்ளவில்லை. வேலூரில் சின்னக் குடிசைகளாக ஒரு நவஜீவ நிலையம் தொடங்கி, தான் கற்ற தச்சு வேலையையே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

காயம் ஏன் ஆறவில்லை?

அங்கேதான் புது மர்மம் ஒன்று எழுந்தது. தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அதில் காயம் ஆறாது, விரல்கள் தானாக உதிரும் என்றே அன்று பலரும் நம்பினார்கள். பிராண்டுக்கோ, தான் ஆபரேஷன் செய்த இடமெல்லாம் நன்றாகவே ஆறுவது தெரிந்தது. அப்படியென்றால் விரல்கள் எங்கே போகின்றன?

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பையன் சாவியை வாங்கிச் சுலபமாகத் திருப்பிவிட்டான். டாக்டருக்கு ஆச்சரியம். பையனின் விரலைப் பார்த்தால், சாவி தோலைக் கிழித்து எலும்பு வரை இறங்கியிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

அன்றிலிருந்து குழு ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடியது. சூடான பாத்திரம், சுத்தியலின் பிடி, செருப்புக்குள் தைத்த ஆணி. சிலருக்கு ராத்திரி தூங்கும்போது விரல் காணாமல் போனது. காவல் இருந்து பார்த்தால், எலி கடித்துக்கொண்டிருந்தது! அதன் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

உண்மை விளங்கிவிட்டது. தொழுநோய்க் கிருமி நேராக விரலைத் தின்பதில்லை. நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி போனதும் மனிதன் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறான்.

பாதத்தில் ஆறாத புண் இருந்தவர்களுக்கு அவர் போட்டது பெரிய மருந்து ஒன்றும் இல்லை. மாவுக்கட்டு! பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டு போட்டு, எடை ஒரே இடத்தில் இறங்காமல் பரவச் செய்தார். பல மாதம் ஆறாத புண்கள் கட்டுக்குள்ளேயே ஆறின. நம்ம ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டிக்குப் போனால் தறிச்சத்தம் கேட்குமே, அங்கே நெய்யும் பேண்டேஜ் துணி மாதிரியான சாதாரணத் துணியில் மாவு தடவியதுதான் மாவுக்கட்டு. அதில் மருந்து எதுவும் இல்லை. ஆறும் சக்தி உடம்பிலேயே இருந்தது. அதைத் திரும்பத் திரும்பக் கெடுக்காமல் காப்பாற்ற ஒரு காவல் மட்டும் வேண்டியிருந்தது. வலி செய்திருக்க வேண்டிய அந்தக் காவலை மாவுக்கட்டு செய்தது.

இந்த வேலைகளுக்காகவே வேலூர் பக்கத்தில் காரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. நோயாளிகளுக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு செய்தார்கள். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்று நாம் பிளஸ் ஒன்னில் படித்த அதே கணக்குதான். 1960-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது.

இடையில் அவருக்கே ஒரு ராத்திரி சோதனை வந்தது. நீண்ட பயணம் முடிந்து அறையில் ஷூவைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தொழுநோய் வந்துவிட்டது என்றே முடிவுசெய்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீர் என்று வலித்தது! ரயிலில் ஒரே பக்கமாக உட்கார்ந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். ஊசி குத்தி வலித்ததற்காக ஒரு மனிதன் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான் இருக்கும்.

தோற்றுப்போன புராஜெக்ட்

1966-ல் பிராண்ட் குடும்பம் அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனது. அங்கே அவர் எடுத்த புராஜெக்டை நம் எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட் கவனமாகப் படிக்க வேண்டும். வலி போனவர்களுக்குச் செயற்கை வலி செய்து கொடுத்தால் என்ன?

கையுறையிலும் ஷூவிலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள் வைத்தார்கள். அழுத்தம் எல்லை தாண்டினால் காதில் சத்தம் வரும். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் செய்த வேலையையே தொடர்ந்தார்கள். விளக்கு எரிய வைத்துப் பார்த்தார்கள். அதுவும் எடுபடவில்லை. கடைசியில் உணர்ச்சி இன்னும் இருந்த அக்குளில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அது வேலை செய்தது. ஆனால் ஸ்க்ரூவை இன்னும் ஒரு சுற்று முறுக்கியே ஆக வேண்டும் என்றால், நோயாளி சுவிட்சை அணைத்துவிட்டு முறுக்கினார்! சென்சார்களும் விலை அதிகம், அடிக்கடி பழுது. பல வருஷ உழைப்புக்குப் பின் அந்தப் புராஜெக்டைக் கைவிட்டார்கள்.

ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து அவர் எடுத்த பாடம் பெரிது. வலி வலிக்க வேண்டும். அதன் சுவிட்ச் நம் கையில் இருக்கக்கூடாது. இருந்தால் நாம் கட்டாயம் அணைத்துவிடுவோம்.

அங்கேயே இன்னொரு சோதனையும் செய்தார்கள். எலியின் பாதத்தில் ஒரு சின்ன இயந்திரச் சுத்தியல் மெதுவாக, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை தட்டும். ஒரு தட்டு ஒன்றும் செய்யாது. நாள்கணக்கில் தொடர்ந்தால் முதலில் சூடு, பிறகு வீக்கம், பிறகு புண். நடுவில் ஓய்வு கொடுத்துத் தட்டினால் அதே பாதம் தடித்து வலுவானது. மெக்கானிக்கல் பசங்களுக்கு ஃபடீக் ஃபெயிலியர் ஞாபகம் வரும். ஆனால் இரும்புக்கு ஓய்வு கொடுத்தால் விரிசல் மூடாது, உடம்பில் மூடும். வித்தியாசம் அதுதான்.

ஓய்வுபெற்ற பின்னும் எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார். கையின் மெக்கானிக்ஸ் பற்றி 1985-ல் வந்த அவருடைய புத்தகம் கை அறுவை மருத்துவர்கள் படிப்பது. 2003 ஜூலை 8-ல் சியாட்டிலில் இறந்தார். அவருடைய அம்மா ஈவ்லின், தொண்ணூறு வயது தாண்டியும் நம் மலைகளிலேயே சுற்றி வேலை பார்த்து, 1974-ல் இங்கேயே இறந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்போ உங்க முட்டிக்கு வருவோம்

முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஏ.சி.எல். ஜவ்வு கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நீளம்தான். ஆனால் இளவயதுக்காரரின் ஏ.சி.எல். அறுவதற்குச் சோதனைகளில் சுமார் 2,160 நியூட்டன் தேவைப்பட்டது. ஏறக்குறைய 220 கிலோ எடை. அது வெறும் கயிறும் இல்லை. அதற்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் சென்சார் அது. பிராண்ட் செய்ய முயன்று தோற்ற அதே சென்சார், உங்கள் முட்டிக்குள் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கிறது!

உள்பக்க ஓரத்தில் இருக்கும் எம்.சி.எல். கிழிந்தால் பெரும்பாலும் பிரேஸ் போட்டு, பயிற்சி செய்தாலே ஆறிவிடும். ஏ.சி.எல். அப்படி இல்லை. அது மூட்டு நீருக்குள் இருப்பதால், கிழிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் ரத்தக்கட்டு நின்று பாலம் போட முடிவதில்லை. முழுதாக அறுந்த ஏ.சி.எல்.லைப் புரோலோதெரபியோ பி.ஆர்.பி.யோ தனியாக ஒட்டவைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பாதி கிழிசல், நாள்பட்ட சுளுக்கு போன்றவற்றில் ஆராய்ச்சி நடக்கிறது. முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

அறுந்ததற்கு ஆபரேஷனில் செய்வதும் பிராண்டின் வேலைக்குச் சொந்தக்கார வேலைதான். தொடையின் பின்னால் இருந்தோ முட்டிச் சில்லின் கீழே இருந்தோ ஒரு டெண்டனை எடுத்து ஏ.சி.எல். இருந்த இடத்தில் கட்டுகிறார்கள். அந்தப் புது ஜவ்வு முதல் சில வாரங்களில் வலுவாவதற்குப் பதில் வலு குறையும். புது ரத்தக்குழாய் வளர்ந்து, திசு மாறி, மறுபடி வலுப்பெறப் பல மாதம் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்தில் இறங்கினால் மறுபடி காயப்படும் ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பிராண்டின் வாழ்க்கை நமக்கு உதவுவது இங்கேதான். செமி ஃபைனல் நாளைக்கு, ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுட்டு இறங்கிடலாம்னு யாராவது சொன்னால், கார்வில்லில் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்க்ரூ முறுக்கியவரை நினைத்துக்கொள்ளுங்கள். வலி போயிருக்கும், கிழிசல் அப்படியே இருக்கும். திரும்பத் திரும்பப் போடும் ஸ்டீராய்டு டெண்டனையே பலவீனமாக்கவும் கூடும். மாறாக பி.ஆர்.பி. போட்ட பிறகு சில நாள் வலி கூடினால், ஏமாந்துவிட்டோம் என்று பயப்படாதீர்கள். அந்த நாட்களில் வீக்கம் குறைக்கும் மாத்திரைகளைத் தவிர்க்கும்படி டாக்டர்கள் சொல்வது வழக்கம். தூண்டிவிட்ட வேலையை நாமே ஏன் நிறுத்த வேண்டும்? அதற்காக வலியைத் தாங்கிக்கொண்டே கிடக்கச் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால், முட்டி சிவந்து கொதித்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அதுவும் வலி சொல்லும் செய்திதான்.

ஊசிக்கு முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஜவ்வு, பாதியா முழுசா? இந்த ஊசி வலியை அடக்கவா, ஆறத் தூண்டவா? போட்ட பிறகு எத்தனை வாரம் ஓய்வு, என்ன பயிற்சி? மூன்றாவது கேள்விக்கு, ஓய்வும் வேண்டாம் பயிற்சியும் வேண்டாம், ஊசியே போதும் என்று பதில் வந்தால், இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் இழுக்கப் போயிருக்கிறீர்களா? வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்போம். சக்கரத்தோடு ஒட்டிக் குனிந்தபடி முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே ஓடும் ஆட்களை அதிகம் கவனிப்பதில்லை. அவர்கள் இல்லையென்றால் தேர் திருப்பத்தில் வீட்டுக்குள் போய்விடும். எதையாவது தடுப்பவரைத் திட்ட வேண்டுமென்றால் முட்டுக்கட்டை போடுறான் என்கிறோம். உங்கள் முட்டியில் இருக்கும் வலியும் அப்படி ஒரு முட்டுக்கட்டைதான். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை அவர் கையில் இருக்கும் கட்டையைப் பிடுங்காதீர்கள்.